மாப்பிள்ளை சுட்ட சீஸ் பஜ்ஜி

பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளையின் வேலையைப் போல் சுலபமான வேலை உலகத்தில் வேறு கிடையாது. போய் உட்கார வேண்டும். கொடுக்கிற கேசரியையும் பஜ்ஜியையும் தின்ன வேண்டும். பெண் வந்ததும் ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொள்ள வேண்டும். பேசுவதெல்லாம் பெரியவர்கள். இதற்குப் படிப்பு வேண்டாம், முன் அனுபவம் வேண்டாம். பரம்பரை பரம்பரையாக எத்தனையோ மக்குகள் வெற்றிகரமாக முடித்துவிட்டு வந்த காரியம் இது. இதில் கோட்டை விடுவதற்கென்று ஒரு தனித் திறமை வேண்டும். எனக்கு அது இருந்தது.

அப்போது நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு பால்பொருள் கம்பெனியில் வேலையில் இருந்தேன். இரண்டாயிரத்து எட்டாம் வருடக் கோடை. கெமிஸ்ட்ரி படித்தவன் என்று லேபில் போட்டிருந்தார்கள். வெளிநாட்டுப் பக்குவத்தில் ஒரு புதுச் சீஸை முந்தின வருடம்தான் கம்பெனி தயாரிக்க ஆரம்பித்திருந்தது. கட்டியிலிருந்து ஒரு துண்டைக் குடைந்தெடுத்து, ஈரப்பதம் பார்த்து, சூடான தட்டில் வைத்து எவ்வளவு தூரம் உருகி ஓடுகிறது என்று அளந்து எழுதுவது என் வேலை.

அந்தச் சீஸ் மகா சாது. மூக்கைத் துளைக்கிற வாசனை கிடையாது, நாக்கைச் சுண்டுகிற புளிப்பு கிடையாது. உப்பு இருக்கிறதா இல்லையா என்று யோசிக்க வேண்டியிருக்கும். சுண்டக் காய்ச்சிய பாலின் ஏட்டை மடித்து மடித்து அழுத்தி வைத்தால் எப்படியிருக்கும்? அந்த நிறம், அந்த வழுவழுப்பு. குளிரில் இருக்கும்வரை கத்தி வைத்தால் சுத்தமாக வெட்டுப்படும். வெளியே எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்தால் தளர்ந்து வளையும். சூடு பட்டால் நூல் நூலாக இழுபடும்.

இவ்வளவும் எனக்கு ஒரு வருடத்துக்குள் தெரிந்துவிட்டதால், சீஸையே நான்தான் கண்டுபிடித்தேன் என்கிற நடையில் அலைந்துகொண்டிருந்தேன். கல்யாண வீடு, சாவு வீடு என்று பார்க்காமல் சீஸைப் பற்றிப் பேசுவேன். (சாவு வீட்டில் பேசியது ஒரே ஒரு முறைதான். அவர்களாகத்தான் "இன்னா வேலை பாக்குறே?" என்று கேட்டார்கள்.) எங்கள் அம்மாவுக்கு மட்டும் அதில் மரியாதையே வரவில்லை.

"திரிஞ்ச பாலை நாங்க கீழ ஊத்துறோம். இவனுங்க அதுக்கு ஆபீசு வச்சி, டப்பு வாங்கிக்கினு விக்கிறானுங்க" என்பாள்.

ஆரணியிலிருந்து ஜாதகம் வந்தது. பொன்னேரிப் பக்கத்து ஆரணி. பெண் பெயர் கலைவாணி, பி.காம். அப்பா பஜாரில் மோட்டார் பம்பு ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். லீவு கேட்கப் போன இடத்தில் விஷயத்தைச் சொன்னதும், மேனேஜர் உற்சாகமாகி ஒரு முழுக் கட்டி சீஸை எடுத்துக் கொடுத்துவிட்டார். "பொண்ணு வீட்டுக்கு எல்லாரும் ஜாங்கிரி கொண்டு போவாங்க. நீ இதக் கொண்டு போ. மறக்கவே மாட்டாங்க" என்றார். அவர் வாக்கு அப்படியே பலித்தது.

செவ்வாப்பேட்டையிலிருந்து நாங்கள் மூன்று பேர் புறப்பட்டோம். அம்மா கையில் பூவும் பழமும். நைனா கையில் குடை. என் மடியில் ஐஸ் போட்ட ஒரு தெர்மாகோல் பெட்டி. சென்னை போய் கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறினோம். அந்த வழித்தடத்தில் தெர்மாகோல் பெட்டி என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஏறியதிலிருந்து எல்லோரும் பெட்டியையே பார்த்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டார்.

"இன்னாபா, ஊரே பழவேற்காட்லேந்து மீனு எடுத்தாருது, நீ மீனு எடுத்துக்கினு அங்க போற?"

"மீன் இல்லைங்க, சீஸ்."

"அது எந்தக் கடல்ல கெடைக்கிது?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆரணியில் பெண் வீட்டார் வாசலுக்கே வந்து கூட்டிப் போனார்கள். பெண்ணின் அப்பா தங்கமான மனிதர், சிரித்த முகம். ஆனால் அந்த வீட்டில் பேசுகிற பொறுப்பு அவருடைய தம்பி ஏகாம்பரத்திடம் இருந்தது. கலைவாணிக்குச் சித்தப்பா. கனத்த மீசை, கனத்த குரல். பெட்டியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"தம்பி, தப்பா நெனைக்காதீங்க. வெள்ளிக்கிழமை இந்த ஊட்ல கவுச்சி சேக்குறதில்ல."

"ஐயோ, இது மீன் இல்லைங்க" என்று பெட்டியைத் திறந்து, உறையைப் பிரித்து, கட்டியை வெளியே எடுத்தேன். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பாலில் செய்தது என்று சொல்லி ஒரு துண்டு நறுக்கிச் சித்தப்பாவிடம் நீட்டினேன். அவர் வாயில் போட்டு மென்றார். கண்ணை மூடினார்.

"உப்பும் இல்ல, ஒறப்பும் இல்ல, இனிப்பும் இல்ல" என்றார் கடைசியில். "ஜொரம் வந்தா எதத் தின்னாலும் ஒரு ருசி தெரியும் பாரு, அந்த ருசி."

அதோடு விட்டிருக்கலாம். பெரியவர் ஏதோ சொல்கிறார் என்று சிரித்துவிட்டுக் கேசரிக்குக் காத்திருந்திருக்கலாம். ஆனால் அவர் குறை சொன்னது என் குழந்தையை. நாற்காலி நுனிக்கு நகர்ந்தேன்.

"அதுதாங்க அதோட குணமே. மைல்டுன்னு சொல்லுவோம். தனியா நின்னு சத்தம் போடாது. எதோட சேருதோ அதோட ருசிய வாங்கிக்கும். காரத்தோட போட்டா காரத்த அடக்கும். பழத்தோட வச்சா பழத்தத் தூக்கிக் குடுக்கும்."

"அப்போ அது ஒரு வேலையும் செய்யாது. பக்கத்துல இருக்கிறவன் பேர்ல பேரு வாங்கிக்கும். அதானே?"

பெண்ணின் அப்பா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு ரத்தம் ஏறியது. எழுந்து நின்றுவிட்டேன். ஈரப்பதம் என்றேன், கொழுப்பு என்றேன், நூல் என்றேன். உருகுவதைக் காட்ட இரண்டு கையையும் தூக்கி மெல்லக் கீழே இறக்கினேன். தூக்கிய கை இறங்குவதற்குள் என் தொடையில் சுள்ளென்று ஒரு கிள்ளு விழுந்தது. அம்மா.

பஜ்ஜித் தட்டோடு பெண் வந்து நின்றிருக்கிறாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியவில்லை. நான் பார்த்தது தட்டையும் அதைப் பிடித்திருந்த விரல்களையும்தான். அவசரமாக ஒரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

"சூடு பண்ணாத்தான் இதோட அருமை தெரியும்..."

"சூடு பண்ணா இன்னா ஆவும்?" என்று ஒரு பெண் குரல் கேட்டது.

ஒரு வருடமாக என்னை யாரும் கேட்காத கேள்வி! வீட்டில் கேட்கவில்லை, நண்பர்கள் கேட்கவில்லை. முதல் முறையாக ஒரு ஜீவன் தானாகக் கேட்கிறது. கேட்டது யார், நான் அங்கே எதற்கு வந்திருக்கிறேன் என்பதெல்லாம் அந்த நொடியில் மறந்துபோயிற்று.

"காட்டறேன்" என்றேன். சீஸ் கட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போனேன்.

பெண் பார்க்க வந்தவன் பெண்ணைத் தாண்டி அடுப்படிக்குள் போனதை அந்தத் தெரு அதுவரை கண்டதில்லை. உள்ளே பெண்ணின் அம்மா அடுத்த ஈட்டுக்கு வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தார்.

"தம்பி, தண்ணி ஏதாச்சும் வோணுமா?"

"எண்ணெய் காயுதுங்களா?" என்றேன்.

காய்ந்துகொண்டுதான் இருந்தது. இரண்டு வாழைக்காய்ச் சீவலை எடுத்து, நடுவே விரல் நுனியளவு சீஸ் வைத்து, ஓரத்தை அழுத்தி, மாவில் தோய்த்துப் போட்டேன். சீஸ் அப்போதுதான் ஐஸிலிருந்து வந்தது. ஜில்லென்று இருந்தது. பஜ்ஜி பொன்னிறத்தில் உப்பி எழுந்தது. நான்கைந்து சுட்டுத் தட்டில் அடுக்கிக் கூடத்துக்குக் கொண்டுபோனேன். மாப்பிள்ளையே பலகாரம் கொண்டுவந்து கொடுப்பதை நைனா குடையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

பெண்ணின் அப்பா ஒன்றைக் கடித்து இழுத்தார். வாய்க்கும் கைக்கும் நடுவே வெள்ளையாக ஒரு நூல் நீண்டது. கையை இன்னும் தூரம் கொண்டுபோனார், நூலும் கூடவே போனது. குழந்தை மாதிரி சிரித்தார். பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்துவிட்டார்கள். ஏகாம்பரம் சித்தப்பாகூட ஒன்றை முழுசாகத் தின்றார். மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"ஒன்னுத்துக்கும் ஆவாத பய, நல்ல எடத்துல சேந்தா இப்படித்தான் ஆளாயிடுறான்" என்றார்.

சீஸைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா என்று நான் ஆராயவில்லை. பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கட்டத்தில் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. அடுப்படிக் கூடையில் பச்சைப் பசேலென்று பஜ்ஜி மிளகாய் கிடந்ததைப் பார்த்துவிட்டேன். மிளகாய்க்குள் சீஸ்! காரமும் சாதுவும்! மீதிக் கட்டி முழுவதையும் விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி, அடுப்புக்குப் பக்கத்திலேயே தட்டில் பரப்பினேன். மிளகாயை ஒவ்வொன்றாகக் கீறினேன். கீறும்போது வாய் சும்மா இருக்குமா? வாசற்படியில் நின்று வேடிக்கை பார்த்தவர்களுக்குத் தோசை, ஆம்லெட், ரொட்டி என்று எதெதில் எப்படிப் போடலாம் என்று விளக்கம் சொல்லிக்கொண்டே கீறினேன்.

நடுவில் கரண்ட் போயிற்று. ஃபேன் நின்றது. அக்னி நட்சத்திர வெயில், அதோடு அடுப்பு அனல். எனக்கு வியர்த்தது. சீஸுக்கும் வியர்த்தது. துண்டுகள் பளபளவென்று எண்ணெய் விட்டு ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டிருந்தன. கம்பெனியில் இதைப் பார்த்திருந்தால் உடனே குளிரில் வைக்கச் சொல்லிக் கத்தியிருப்பேன். அங்கே எனக்குக் கூட்டம்தான் கண்ணில் பட்டது. தளதளத்துப் போனதை அப்படியே மிளகாய்க்குள் திணித்தேன். கொள்ளுமட்டும் திணித்தேன், கொள்ளாததையும் திணித்தேன். மாவில் தோய்த்து, வாணலி கொள்ளும் அளவுக்கு மொத்தமாகப் போட்டேன்.

"தம்பி, கொஞ்சம் கொஞ்சமா போடலாமே" என்றார் பெண்ணின் அம்மா.

"பரவால்லீங்க" என்றேன்.

முதலில் சாதாரணமாகத்தான் சலசலத்தது. அப்புறம் எண்ணெயின் குரல் மாறியது. ஒரு மிளகாயின் வயிற்றிலிருந்து வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்த்தது. அடுத்ததிலிருந்தும். பிறகு எல்லாம் சேர்ந்து பிளந்துகொண்டு ஓடின. நுரை கிளம்பியது. பால் பொங்குவதைப் பார்த்திருக்கிறேன், எண்ணெய் பொங்குவதை அன்றுதான் பார்த்தேன். ஒரு மிளகாய் டப்பென்று வெடித்துப் பறந்து, வாசற்படியில் நின்ற ஏகாம்பரம் சித்தப்பாவின் வெள்ளைச் சட்டையில் போய் ஒட்டிக்கொண்டது. அவர் அதை உதறினார். அது விழாமல் நூல் விட்டுக்கொண்டு தொங்கியது.

நுரை விளிம்பைத் தாண்டி அடுப்பில் வழிந்தது. குப்பென்று தீ பிடித்தது.

அந்த நேரத்தில் ஒரு மனிதன் செய்யக்கூடிய காரியங்கள் எத்தனையோ உண்டு. ஓடலாம். கத்தலாம். நான் வாணலியையே பார்த்துக்கொண்டு, "மாய்ஸ்சர் கொஞ்சம் அதிகம்" என்றேன். (சத்தியமாக இதைத்தான் சொன்னேன். கேட்டவர்கள் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள்.)

யாரோ என் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். இழுத்த வேகத்தில் அரிசி டிரம்மின் மேல் போய் உட்கார்ந்தேன். ஒரு கை எட்டிக் கேஸை அணைத்தது. நாங்கள் கொண்டுவந்த பூவையும் பழத்தையும் வைத்திருந்த தாம்பாளம் பக்கத்தில் இருந்தது. அதே கை அதிலிருந்ததைத் தரையில் கவிழ்த்துவிட்டு வாணலியை மூடியது. இதற்குள் எங்கள் நைனா, வாழ்க்கையில் முதல் முறையாகச் சுறுசுறுப்படைந்து, ஒரு வாளித் தண்ணீரோடு ஓடிவந்துவிட்டார்.

"யோவ், தண்ணி ஊத்தாத! அப்படியே நில்லு!"

கலைவாணி தன் வருங்கால மாமனாரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். நைனா அப்படியே நின்றார். வெகு நேரம் நின்றார்.

தீ அடங்கியது. சுவரில் ஆள் உயரத்துக்குக் கரி. மேலே பரணில் இருந்த ஏதோ ஒரு துணி புகைந்துகொண்டிருந்தது. பெண்ணின் அம்மா ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்துத் தொட்டியில் முக்கினார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். என் கையில் இரண்டு இடத்தில் கொப்புளம். வலது புருவத்தில் பாதியைக் காணோம். கலைவாணி குழாயடியில் என் கையைப் பிடித்துத் தண்ணீரை ஓடவிட்டாள். நான் தலையைத் தூக்கவில்லை. தண்ணீர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வழக்கமாகக் கிளம்பும்போது "கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்பறோம்" என்பார்கள். அன்று யாரும் எதையும் சொல்லி அனுப்புவதாகச் சொல்லவில்லை. ஏகாம்பரம் சித்தப்பா மட்டும் சட்டையைச் சுரண்டியபடி வாசல்வரை வந்து, "பஸ்ஸு இந்தப் பக்கம்" என்று கை காட்டினார்.

வண்டி மீஞ்சூர் தாண்டியதும் அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"அது போவுது, உடு. பொண்ணு எப்டிடா இருந்துச்சி?"

யோசித்தேன். விரல்கள் ஞாபகம் வந்தன. குரல் ஞாபகம் வந்தது. காலரில் பிடித்த பிடி நன்றாக ஞாபகம் வந்தது. முகம்?

"நான் பாக்கல."

"இன்னாது?"

"பாக்கலம்மா."

அம்மா நைனாவைப் பார்த்தாள். "பொண்ணு பாக்கப் போயி, ஊட்டக் கொளுத்திட்டு, பொண்ணப் பாக்காம வந்துக்கிறான் உன் புள்ள" என்றாள். நைனா குடையை விரித்துப் பார்த்துவிட்டு மடக்கிக்கொண்டார்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கரி பிடித்த அந்தச் சுவரும், பேசாமல் துணியை முக்கிய அந்த அம்மாவின் முகமும் கண்ணிலேயே நின்றன. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சொல்லாமல் கிளம்பினேன். பொன்னேரியில் இறங்கி ஒரு புது வாணலியும், ஒரு டப்பா சுண்ணாம்பும், பிரஷ்ஷும் வாங்கிக்கொண்டு ஆரணி போய்ச் சேர்ந்தேன். கதவைத் திறந்தது கலைவாணி.

அப்போதுதான் பார்த்தேன். அதுவும் நிமிர்ந்து, நன்றாக. என்ன இருந்தது அந்த முகத்தில் என்று எழுதினால் அவள் படித்துவிட்டுச் சிரிப்பாள், ஆகையால் எழுதவில்லை. அவள் என்னையும் வாணலியையும் பிரஷ்ஷையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பாதிப் புருவத்தோட பஸ்ஸுல வந்தீங்களா? மையிலயாச்சும் வரைஞ்சிக்கினு வரக்கூடாது?" என்றாள்.

அன்று மத்தியானம் முழுக்க நான் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். பெண்ணின் அப்பா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். கூடத்தில் ஏகாம்பரம் சித்தப்பாவின் குரல் கனமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. "வோணாம் கலை. சொல்றதக் கேளு. அவன் ஆளு நல்லவன்தான், இல்லேன்னு சொல்லல. ஆனா நெருப்புன்னா இன்னான்னே தெரியலயே அவனுக்கு!"

கலைவாணி சொன்ன பதில் ஸ்டூலின் மேல் நின்ற எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"இதுவரைக்கும் என்னப் பாக்க வந்தவங்கல்லாம் இன்னா கேட்டாங்க, சித்தப்பா? சமைக்கத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா, அதானே? இவுரு ஒருத்தருதான் அதக் கேக்கல. அவரே சமைக்கப் போயிட்டாரு."

"தெரியாம போயிட்டாரு!"

"நான் தெரிய வச்சிக்கிறேன்."

பெண்ணின் அப்பா ஸ்டூலை விட்டுவிட்டுக் கூடத்துப் பக்கம் போய்விட்டார். நான் பிரஷ்ஷோடு மேலேயே நின்றேன். இறங்க வழி தெரியவில்லை. இறங்க மனசும் இல்லை.

தெரிய வைத்துக்கொண்டாள். கல்யாணமான புதிதில் நான் அடுப்பு பற்றவைக்கிறேன் என்றால் அவளும் பக்கத்தில் நிற்பாள். லேபில் ஒரு வருடம் இருந்தும் எனக்கு உறைக்காத விஷயங்கள் அவளோடு நின்றுதான் உறைத்தன. இந்த மாதிரி சாதுச் சீஸைக் கடைசி நொடிவரை குளிரிலேயே வைக்க வேண்டும். கொஞ்சமாகப் போட வேண்டும். கொதிக்கிறதில் போடக்கூடாது, அடுப்பைத் தணித்த பிறகு போட வேண்டும். பொடி தூவிய தோசையின் மேல் துருவிப் போட்டு உடனே மூடி வைத்தால், பொடியின் காரம் அடங்கி ஒரு பால் வாசனை எழும்பும். மிளகு போட்ட ஆம்லெட்டுக்குள் மடித்து வைக்கலாம். அடுப்பே வேண்டாம் என்றால் பழுத்த கொய்யாத் துண்டின் மேல் ஒரு சீவல் வைத்துத் தின்னலாம். எங்கள் அம்மாவே இப்போது கொய்யாவோடு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள். "திரிஞ்ச பால் இருக்குதாடா?" என்றுதான் கேட்பாள்.

ஆரணி வீட்டில் அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஒரு பழக்கம் வந்துவிட்டது. அந்தக் குடும்பத்தில் எந்தப் பெண்ணைப் பார்க்க யார் வந்தாலும், ஏகாம்பரம் சித்தப்பா ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் அடுப்படி வாசலை அடைத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். வந்தவர்கள் போகும்வரை எழுந்திருக்க மாட்டார்.

போன மாதம் கலைவாணியின் தங்கை முறையில் ஒருத்தியைப் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைப் பையன் பஜ்ஜி தின்றுவிட்டுக் கை கழுவுவதற்காக எழுந்தான். உடனே கூடத்தில் நான்கு பேர் எழுந்தார்கள்.

"உக்காருங்க மாப்ள, உக்காருங்க! தண்ணி இங்கயே வரும்!"

பையன் மிரண்டுபோய் உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்த என்னிடம், "ஏன் சார், உள்ள இன்னா இருக்குது?" என்று காதோடு கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் ஏகாம்பரம் சித்தப்பா நாற்காலியில் இருந்தபடியே தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டார். அவர் சொல்லச் சொல்ல வருடத்துக்கு வருடம் தீ உயர்ந்துகொண்டே வருகிறது. போன தடவை கூரைவரை வந்தது. இந்தத் தடவை பொன்னேரியிலிருந்து ஃபயர் வண்டி வந்து, தெருமுனையில் திரும்ப முடியாமல் நின்றது.

நான் கலைவாணியைப் பார்த்தேன், இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா என்று.

"மணி அடிச்சிக்கினே வந்துச்சே சித்தப்பா, அத உட்டுட்டீங்களே" என்றாள்.